பாரதி மகளிர் கல்லூரியும் நம் மஹல்லாக்களின் மௌனமும்





ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகின்றன. மண்ணடி, இராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நம் மக்கள் வாழும் பகுதிகள் அனைத்திலும் பெண்மக்கள் நல்ல மதிப்பெண்களோடு தேறுகின்றனர். உறவினர்கள் இனிப்பு வழங்குகின்றனர். மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் 'மாஷா அல்லாஹ்' குவிகிறது. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் பல வீடுகளில் மாப்பிள்ளைப் பேச்சு தொடங்கிவிடுகிறது. "பெண் பிள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும்" என்ற ஒரே வாக்கியத்தில் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு முடித்து வைக்கப்படுகிறது.

அந்த வாக்கியத்தை மறுப்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. வட சென்னையின் மையத்தில், மண்ணடியிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில், பெண்களுக்கென்றே அரசு நடத்தும் கல்லூரி ஒன்று 1964 முதல் இயங்கி வருகிறது. பிரகாசம் சாலையில் உள்ள பாரதி மகளிர் கல்லூரியே அது. அப்படியொரு கல்லூரி வாசலைத் திறந்து வைத்திருக்கும்போது, வசதி இல்லை, பாதுகாப்பு இல்லை, மார்க்கம் இடம் தரவில்லை என்று நாம் அடுக்கும் காரணங்களுள் ஒன்றுகூட நிலைத்து நிற்காது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். அதற்கு முன் அக்கல்லூரி எப்படி வந்தது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

சிறை இருந்த இடத்தில் எழுந்த கல்லூரி

சென்னையில் பெண்களின் உயர்கல்வி வட சென்னையில் தொடங்கவில்லை. 1914இல் கடற்கரைச் சாலையில் இராணி மேரிக் கல்லூரி தோன்றியது. அடுத்த ஆண்டு மகளிர் கிறித்தவக் கல்லூரி வந்தது. விடுதலையை ஒட்டி 1947இல் ஸ்டெல்லா மாரிஸ், 1948இல் எத்திராஜ் ஆகிய கல்லூரிகள் தொடங்கப்பெற்றன. 1955இல் நீதியரசர் பஷீர் அஹ்மத் சயீத் அவர்களின் முயற்சியால், இன்று எஸ்.ஐ.இ.டி. என்று நாம் அழைக்கும் மகளிர் கல்லூரி தேனாம்பேட்டையில் உருவானது. இவை அனைத்தும் நகரின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் அமைந்தவை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் மகளும், திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளியின் மகளும், காசிமேட்டு மீனவரின் மகளும் கல்லூரி செல்ல விரும்பினால் நகரைக் கடந்து போக வேண்டியிருந்தது. அக்காலத்தில் அந்தத் தொலைவு பேருந்துக் கட்டணத்தை மட்டும் குறிக்கவில்லை. வேறொரு வகுப்பாரின் உலகத்திற்குள் நுழையும் தயக்கத்தையும் குறித்தது.

காமராசர் ஆட்சியில் ஊர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. மதிய உணவு வழங்கப்பட்டது. பள்ளிக்கு வரும் பெண் குழந்தைகள் பெருகினர். பள்ளி முடித்தவர்களுக்கு அடுத்த வாசல் தேவைப்பட்டது. பக்தவத்சலம் முதலமைச்சராக இருந்த 1964இல், வட சென்னைப் பெண்களின் உயர்கல்விக்கென அரசே பாரதி மகளிர் கல்லூரியைத் தொடங்கியது. அது அமைந்த இடம் சிந்திக்கத் தக்கது. பழைய சிறைச்சாலை இருந்த வளாகம் அது. பக்கத்துச் சாலையை இன்றும் நாம் 'ஓல்டு ஜெயில் ரோடு' என்றே சொல்கிறோம். அச்சாலையின் முறையான பெயர் இப்ராஹிம் சாஹிப் தெரு என்பது நம்முள் பலர் கவனிக்காத செய்தி.

மனிதரை அடைத்து வைக்கக் கட்டப்பட்ட இடத்தில் பெண்கள் தமிழும் ஆங்கிலமும் வரலாறும் பொருளியலும் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் வணிகவியலும் கற்கின்றனர். சிறை கல்லூரியாகிவிட்டது. கற்க வேண்டிய பிள்ளைக்கு வீட்டைச் சிறையாக்குவது எவ்வகையில் தகும்?

கல்லூரிக்குப் பாரதியின் பெயர் இருப்பதைக் கண்டு சிலர் முகம் சுளிப்பதும் உண்டு. பெண்கல்விக்காகத் தம் காலத்துச் சமூகத்தோடு வாதிட்டவர் அவர். பொட்டல்புதூரில் முஸ்லிம்கள் முன்னிலையில் இஸ்லாத்தின் மாண்பைப் பற்றிச் சொற்பொழிவாற்றியவரும் அவரே. நம் மகள் படிக்கும் கல்லூரிக்கு அவர் பெயர் இருப்பதில் நமக்கு எந்த இழிவும் இல்லை.

மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுபவை

மதரஸாவில் பாடம் நடத்துபவன் என்ற முறையில் எனக்கு மிகுந்த வேதனை தருவது, படிப்பை நிறுத்துவோர் அதற்கு மார்க்கத்தைச் சாட்சிக்கு அழைப்பதுதான். முதல் வஹீ ஓதும்படி கட்டளையிட்டுத் தொடங்கியது. கல்வி தேடுவதை ஒவ்வொரு முஸ்லிம் மீதும் கடமையாக்கியது இம்மார்க்கம். இதை மிம்பரில் நின்று ஆண்டுதோறும் சொல்கிறோம். சொல்லிவிட்டு, 'ஆண்கள்' என்ற சொல்லை நாமாகவே இடையில் செருகிக்கொள்கிறோம்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த நபிமொழிகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. மூத்த ஸஹாபாக்கள் ஐயம் தீர்க்க அவர்களின் வாசலுக்கு வந்தனர். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர் அஷ்ஷிஃபா பின்த் அப்தில்லாஹ் (ரலி) என்ற பெண்மணி. நம் மதரஸாக்களில் மிக உயர்ந்த பாடமாக ஓதப்படும் ஸஹீஹுல் புகாரியைத் தலைமுறைகளுக்குக் கடத்தியவர்களுள் ஒருவர், மக்காவில் வாழ்ந்து பாடம் நடத்திய கரீமா அல்மர்வஸிய்யா. பக்தாதின் பேரறிஞர் கதீப் அல்பக்தாதி அவரிடம் ஓதியிருக்கிறார். பெண்ணுக்குக் கல்வி கூடாது என்பது மார்க்கமாக இருந்திருந்தால், இந்த அறிவுத் தொடரே அறுபட்டிருக்கும்.

"அது தீன் கல்வி, கல்லூரியில் இருப்பது துன்யா கல்வி" என்று அடுத்த வாதம் வரும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் கல்வி நூலில் மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு சமுதாயத்தில் அவற்றை அறிந்தவர் எவரும் இல்லையென்றால் அச்சமுதாயம் முழுவதும் குற்றத்திற்கு ஆளாகும் என்பது அதன் பொருள். நம் மனைவிக்குப் பிரசவ வலி கண்டால், இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பெண் மருத்துவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரிக்கிறோம். மகள் பருவம் எய்தினால் பெண் ஆசிரியை உள்ள டியூஷன் தேடுகிறோம். வங்கியிலும் தாலுகா அலுவலகத்திலும் நம் பெண்கள் சென்றால் பெண் அலுவலர் இருப்பது நல்லது என்கிறோம். இவர்கள் அனைவரும் அடுத்த வீட்டுக்காரர் பெற்று வளர்த்துப் படிக்க வைத்த பெண்கள். நம் மானத்தைக் காக்க அவர்கள் படிக்க வேண்டும். நம் மானத்தைக் காக்க நம் பெண்கள் படிக்கக் கூடாது. இது என்ன நியாயம்?

மஹ்ரம் இல்லாத பயணத்தைச் சிலர் காட்டுவர். அந்தச் சட்டத்தை ஃபிக்ஹு நூல்கள் ஸஃபரைப் பற்றிய பாடத்தில் பேசுகின்றன. ஊருக்குள் கல்வி கற்கப் போய்வருவது ஸஃபர் ஆகாது. எண்ணூரிலிருந்தே பிரகாசம் சாலை இருபது கிலோமீட்டரைத் தாண்டாது. திருவொற்றியூரிலிருந்து அதில் பாதி. அதே வழியில் துணி எடுக்க நம் பெண்கள் எம்.சி. ரோட்டுக்குத் தனியே போய்வரும்போது இந்த மஸ்அலா எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஆண் பெண் கலப்பு என்ற அச்சத்திற்கோ இங்கு வேலையே இல்லை. இது முழுக்க முழுக்க மகளிர் கல்லூரி.

பிள்ளை வழி தவறிவிடுவாள் என்ற அச்சம் உண்மையானது. அதை எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் வழி தவறச் செய்யும் அனைத்தும் கைப்பேசி வழியாக வீட்டின் உள்ளறைக்கே வந்துவிட்ட காலம் இது. பூட்டிய கதவு அதைத் தடுக்கவில்லை. நல்லது கெட்டதைப் பிரித்தறியும் அறிவும், தொழுகையும், தாய் தந்தையிடம் மனம் விட்டுப் பேசும் உரிமையும்தான் தடுக்கும். அவற்றைக் கொடுத்து அனுப்புவது பெற்றோரின் பொறுப்பு. கல்லூரிக்கு அனுப்பாதது அந்தப் பொறுப்பை நிறைவேற்றியதாகாது.

2022இன் தொடக்கத்தில் கர்நாடகத்தின் உடுப்பியில் நிகழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஹிஜாப் அணிந்ததற்காக அரசு மகளிர் கல்லூரி ஒன்றில் நம் பெண்மக்கள் வகுப்புக்குள் அனுமதிக்கப்படவில்லை. உயர்நீதிமன்றம் தடையை ஏற்றது. உச்சநீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அவ்வாண்டு அக்டோபரில் மாறுபட்ட தீர்ப்பு எழுதினர். அந்தப் பிள்ளைகள் ஹிஜாபையும் விடமாட்டோம், படிப்பையும் விடமாட்டோம் என்று வாசலில் நின்றனர். அவர்களுக்காக நாம் இங்கே கண்டனக் கூட்டம் நடத்தினோம். அதே ஆண்டு டிசம்பரில் ஆப்கானிஸ்தானின் ஆட்சியாளர்கள் பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தை மூடியபோது, அல்அஸ்ஹரின் தலைமை இமாமே அது ஷரீஅத்திற்கு முரணானது என்று கண்டித்தார். அங்கே ஆணை போட்டுச் செய்ததை இங்கே வழக்கம் என்ற பெயரில் நாம் செய்கிறோம். மூடப்பட்ட கதவுக்கு முன்னால் அழுதவர்கள், திறந்த கதவுக்கு முன்னால் மகளைக் கைப்பிடித்து இழுத்து வருவது நயவஞ்சகம் அன்றி வேறென்ன?

"அது நம் கல்லூரி அல்லவே"

சிலர் வேறு விதமாகப் பேசுவர். "நம் சமுதாயம் தனக்கென்று வட சென்னையில் ஒரு மகளிர் கல்லூரி கட்டட்டும், அப்போது அனுப்புகிறோம்" என்பர். கட்டுவது நல்லதே. திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியையும் சென்னையில் நியூ காலேஜையும் 1951இல் கட்டிய சமுதாயம் இது. ஆனால் அது கட்டப்படும் வரை நம் மகளின் வயது காத்திருக்காது.

மேலும், அரசுக் கல்லூரி நம்முடையதல்ல என்பதே பிழையான எண்ணம். அண்ணா சாலையில் உள்ள காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரியின் வரலாற்றைப் பாருங்கள். நவாபுகள் காலத்து மதரஸா-இ-ஆஸம் கல்வி வளர்த்த உம்தா பாக் வளாகம் அது. அங்கே முஸ்லிம்களுக்கென அரசு முகமதியன் கல்லூரி இயங்கியது. விடுதலைக்குப் பின் அது அனைவருக்குமான அரசு கலைக் கல்லூரியானது. பின்னர் அதே வளாகத்தில் 1974இல் பெண்களுக்கென அரசுக் கல்லூரி தொடங்கப்பட்டு, ஈராண்டுகளுக்கு முன் மறைந்த காயிதே மில்லத் அவர்களின் பெயர் சூட்டப்பட்டது. ஒரு சமூகத்தாருக்கு உரியதாக இருந்த இடம் எல்லாப் பெண்களுக்கும் உரியதாக விரிந்தது. அதில் நாம் இழந்தது ஒன்றும் இல்லை. நம் முன்னோரின் இடத்தில் பிறர் மகள் படிப்பது நமக்கு நன்மை என்றால், பாரதியின் பெயர் கொண்ட இடத்தில் நம் மகள் படிப்பதும் நமக்கு உரிமை.

பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்தறிவித்தால் அதுவே விடுதலைக்கான ஈடு என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்றதைச் சீறா நூல்கள் பதிவு செய்கின்றன. வாளேந்தி வந்த எதிரியிடமிருந்தும் கல்வியைப் பெறலாம் என்று கற்றுத் தந்த நபியின் உம்மத், நம் வரிப்பணத்தில், நம் அண்டை வீட்டார் பாடம் நடத்தும் கல்லூரியைக் கண்டு ஒதுங்குவது எப்படிப் பொருந்தும்?

உடை வாங்கினாலும் நாம் அரசுக்கு வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில் ஒரு பங்கு அக்கல்லூரியின் கரும்பலகையாகவும் ஆய்வகமாகவும் ஆசிரியர் ஊதியமாகவும் இருக்கிறது. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைத் திருடுவது மட்டும் மோசடியன்று. பயன்படுத்தாமல் பாழாக விடுவதும் அதற்குச் செய்யும் துரோகமே.

பணமும் தொலைவும்

"ஏழைக்கு எதற்குக் கல்லூரி" என்போரின் வாதம் எளிதில் உடைகிறது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குப் பயிற்றுக் கட்டணம் இல்லை. மற்ற கட்டணங்களும் மிகக் குறைவு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவியருக்கு, உயர்கல்வி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவர்களின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. அது தொடங்கப்பட்ட மேடை எது தெரியுமா? இதே பாரதி மகளிர் கல்லூரி. 2024 டிசம்பரில் அத்திட்டம் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. மாநிலம் முழுவதற்குமான ஒரு திட்டம் நம் தெருமுனையில் தொடங்கியது. நம் வீட்டுக்குள் மட்டும் அது வரவில்லை.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீண்டது. திருவொற்றியூரில் ஏறினால் மண்ணடியில் இறங்கலாம். கும்மிடிப்பூண்டித் தடத்தின் மின்தொடர்வண்டி எண்ணூரையும் கத்திவாக்கத்தையும் இணைக்கிறது.

2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கென 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு சட்டமானது. அதற்காக எத்தனை மாநாடுகள், எத்தனை பேரணிகள்! உரிய சாதிச் சான்றிதழைக் கூட எடுத்து வைக்காமல், விண்ணப்பக் காலம் முடிந்த பின் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கும் பெற்றோரை ஆண்டுதோறும் பார்க்கிறேன். போராடிப் பெற்ற உரிமையைத் தாளில் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்?

பணம் இல்லை என்போரைச் சற்றுக் கூர்ந்து கவனியுங்கள். மகளின் நிகாஹுக்கு மண்டபம், மூன்று வகை பிரியாணி, சீர்வரிசை, மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டுக் கேட்காமலேயே எதிர்பார்க்கும் நகை ஆகியவற்றுக்காக வட்டிக்குக் கடன் வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மஹ்ர் கொடுத்து மணக்க வேண்டியவன் கைநீட்டி வாங்குகிறான். அவனுக்குக் கொடுக்க ஹராமான வட்டியில் கடன். ஹலாலான, ஏறத்தாழ இலவசமான படிப்புக்கு மட்டும் காசு இல்லை. இந்தக் கணக்கை மறுமையில் எந்த ஏட்டில் காட்டுவோம்?

"அரசுக் கல்லூரியில் என்ன தரம்?"

சற்று வசதி உள்ளவர்களின் வாதம் இது. மகனைப் பல லட்சம் கட்டித் தனியார் கல்லூரியில் சேர்ப்பர். மகளை அரசுக் கல்லூரியில் சேர்ப்பது கௌரவக் குறைவு என்று வீட்டில் வைத்திருப்பர். உயர்ந்த கல்லூரியும் இல்லை, அருகில் இருப்பதும் இல்லை என்பதே அப்பிள்ளைக்குக் கிடைக்கும் தரம்.

அரசுக் கல்லூரிகளில் குறைகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. தமிழகம் முழுவதும் நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் நிரப்பப்படாமல், ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த தொகுப்பூதியத்தில் பாடம் நடத்தி வருகின்றனர். அது ஆள்வோரின் பொறுப்பின்மை, கண்டிக்கத் தக்கது. ஆனால் அதை எவர் கண்டிக்கப் போகிறார்? தன் பிள்ளை படிக்காத கல்லூரிக்காக எவரும் மனு எழுதுவதில்லை. ஆசிரியர் இல்லை, கழிவறை சரியில்லை, விடுதி இடம் போதவில்லை என்று அமைச்சரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேட்கும் தகுதி, அங்கே மகளைச் சேர்த்த தந்தைக்கும் தாய்க்குமே முழுமையாக உண்டு. வசதி படைத்தோரும் விவரம் அறிந்தோரும் கைவிட்ட அரசு நிறுவனம் மெல்ல மெல்ல எளியவர்களின் தலையில் விடியும். பிறகு அதைக் காட்டியே "பார், தரமில்லை" என்று சொல்லிக்கொள்வோம்.

பழைய சிறைச்சாலைச் சாலையின் மறுபுறமே ஸ்டான்லி மருத்துவமனையும் கல்லூரியும் உள்ளன. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தில் அதன் வேர் இருக்கிறது. இராயபுரம் மருத்துவப் பள்ளியாக வளர்ந்து, 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது. கஞ்சித் தொட்டியிலிருந்து மருத்துவக் கல்லூரி வரை வளர்த்தெடுத்தது மக்களின் தேவையும் அரசின் பணமும்தான். அரசு நிறுவனம் என்றாலே தரமில்லை என்போர், உயிருக்கு ஆபத்து என்றதும் ஓடுவது அந்த ஸ்டான்லிக்கே.

"படித்தால் மாப்பிள்ளை கிடைக்காது"

இதுவே நம் வீடுகளில் தாழ்ந்த குரலில் சொல்லப்படும் உண்மைக் காரணம். மற்றவை அனைத்தும் இதற்குப் போர்த்திய போர்வைகள். பெண் பட்டம் பெற்றுவிட்டால் அவளுக்கு நிகரான படிப்புள்ள மணமகன் அமைவது கடினம் என்கின்றனர். இதில் ஓரளவு உண்மையும் உண்டு. நம் இளைஞர்களில் பலர் பள்ளியோடு நிறுத்திக் கடையிலும் துறைமுகத்திலும் வளைகுடா விசாவிலும் வாழ்க்கையைத் தொடங்கிவிடுகின்றனர். ஆனால் பையன் படிக்கவில்லை என்பதற்காகப் பெண்ணின் படிப்பை வெட்டிச் சமன் செய்வது, ஒரு கண் மங்கியவனுக்கு மறு கண்ணையும் குத்திவிடும் வைத்தியம். பையனைப் படிக்க வையுங்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கும் 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000 ரூபாய் கிடைக்கிறது. அவர்களுக்குச் சர் தியாகராயா கல்லூரி இருக்கிறது. வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது.

கணவன் இறந்தாலும், நோயில் விழுந்தாலும், வெளிநாட்டில் வேலை இழந்தாலும், தலாக் சொல்லி விட்டுச் சென்றாலும், அந்தப் பெண்ணின் கையில் இருப்பது என்ன? நகை ஒரு மாதத்தில் அடகுக் கடைக்குப் போய்விடும். சீராக வந்த பீரோ துருப்பிடிக்கும். இத்தா முடிந்ததும் இரு பிள்ளைகளோடு ஜமாஅத் அலுவலகத்தில் உதவி கேட்டு நிற்கும் இளம் பெண்களை நிர்வாகிகளே, நீங்கள் நன்கு அறிவீர்கள். அவர்களுக்கு மாதம் தோறும் தையல் இயந்திரம் வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதோடு நம் கடமை முடிந்ததா? பட்டம் பெற்றிருந்தால் அவர்களுள் ஒருத்தி அதே ஜமாஅத்துக்குக் கணக்கு எழுதியிருப்பாள். அருகிலுள்ள பள்ளியில் ஆசிரியையாக இருந்திருப்பாள். போட்டித் தேர்வு எழுதி அரசு அலுவலகத்தில் அமர்ந்திருப்பாள்.

2006இல் வெளிவந்த சச்சார் குழுவின் அறிக்கை, இந்தியாவில் 20 வயதைக் கடந்த முஸ்லிம்களில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் 4 விழுக்காட்டுக்கும் குறைவு என்று காட்டியது. நாட்டின் மொத்தச் சராசரி அப்போது 7 விழுக்காடு. இருபது ஆண்டுகளாக அந்த அறிக்கையை மேடைதோறும் அரசுக்கு எதிரான குற்றப்பத்திரிகையாக வாசிக்கிறோம். வாசிப்பதில் தவறில்லை. வீட்டுக்கு வந்து அதே குற்றப்பத்திரிகையில் நம் மகளின் பெயரையும் சேர்த்து எழுதுவதே தவறு.

இந்த மண் கேட்கும் கேள்வி

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள இந்தக் கடற்கரை, நகரத்துக்கு மின்சாரமும் எரிபொருளும் வாகனமும் உரமும் தந்தது. பதிலுக்குச் சாம்பலையும் புகையையும் பெற்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. அதே மாத இறுதியில், நள்ளிரவில், உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினர். இந்தக் காற்றில் என்ன இருக்கிறது, இந்த நீரில் எது கலந்திருக்கிறது என்று வேதியியல் மொழியில் கேட்கவும், பசுமைத் தீர்ப்பாயத்தில் ஆவணத்தோடு நிற்கவும், இழப்பீட்டுப் பட்டியலில் விடுபட்ட பெயர்களைச் சேர்க்க வைக்கவும் இங்கேயே பிறந்து வளர்ந்த படித்தவர்கள் வேண்டும். வெளியிலிருந்து வருபவர் அறிக்கை எழுதிவிட்டுப் போய்விடுவார். இங்கே குழந்தையை மடியில் வைத்து இரவெல்லாம் நெபுலைசர் பிடிக்கும் தாய், அந்த அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்பவளாக இருக்க வேண்டும்.

2020 பிப்ரவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திற்கு எதிராகப் பழைய வண்ணாரப்பேட்டையில் இரவு பகலாக அமர்ந்தவர்கள் நம் பெண்கள். அப்போது அவர்களின் துணிவைப் புகழ்ந்து எழுதினோம். தெருவில் அமர்ந்து சமுதாயத்தின் உரிமையைக் காக்கத் தகுதியானவள், வகுப்பறையில் அமரத் தகுதியற்றவள் ஆனது எப்படி?

மஹல்லா ஜமாஅத்துகளுக்கு

கண்டனத்தோடு நிறுத்திக்கொள்வது எளிது. ஆகவே செய்யத் தக்கவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

தேர்வு முடிவுக்கு முந்தைய ஜும்ஆவிலேயே பெண்மக்களின் உயர்கல்வி குறித்துப் பயான் நிகழ்த்துங்கள். அரசுக் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பம் வழக்கமாக மே மாதத்தில் தொடங்கிவிடும். அந்த நாள்களில் ஒரு கணினியும் விவரம் அறிந்த ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் பள்ளிவாசல் வளாகத்தில் இருந்தால், எத்தனையோ விண்ணப்பங்கள் பிழையின்றிப் போய்ச் சேரும். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு ஆகியவற்றைப் பதினொன்றாம் வகுப்பிலேயே முடித்து வைக்க மஹல்லா தோறும் முகாம் நடத்துங்கள்.

நிகாஹ் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் நிர்வாகிகளே, மணமகள் படித்துக்கொண்டிருந்தால் படிப்பைத் தொடரச் செய்வோம் என்ற உறுதியை மாப்பிள்ளை வீட்டாரிடம் எழுத்தில் பெறுங்கள். நிகாஹ் ஒப்பந்தத்தில் நியாயமான நிபந்தனை வைக்க மார்க்கம் இடம் தருகிறது. அதை நிறைவேற்றுவதைக் கடமையாக்குகிறது. பைத்துல்மாலிலிருந்து தையல் இயந்திரத்திற்குச் செல்லும் தொகையில் ஒரு பகுதியை, தகுதியுள்ள ஏழை மாணவியரின் புத்தகத்திற்கும் முதுநிலைப் படிப்புக்கும் ஒதுக்குங்கள்.

என் சக ஆலிம்களுக்கு ஒரு சொல். ஆலிமா படிப்பும் பட்டப் படிப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கல்லூரி நேரம் போக, மாலையிலும் விடுமுறையிலும் பெண்களுக்கான மக்தப் நேரத்தை மாற்றி அமைப்பது நம் கையில்தான் இருக்கிறது. நாம் நேரத்தை மாற்ற மறுத்துவிட்டு, பிள்ளைகள் தீனை விட்டுப் போகின்றனர் என்று புலம்பக் கூடாது.

தாய்மார்களே! "எனக்குக் கிடைக்கவில்லை" என்று நீங்கள் மனத்துக்குள் வைத்திருக்கும் ஏக்கத்தை உங்கள் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிடாதீர்கள். தந்தையரே! பொறுப்பில் உள்ள ஒவ்வொருவரும் தம் பொறுப்பைக் குறித்து விசாரிக்கப்படுவர் என்பதை நம்புகிறோம். உங்கள் மகளின் அறிவும் அந்தப் பொறுப்பில் அடக்கம். அறுபது ஆண்டுகளாக உங்கள் வீட்டருகே திறந்திருந்த வாசலுக்கு அவளை ஏன் அனுப்பவில்லை என்ற கேள்விக்கு, "ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சினேன்" என்பது விடையாக ஏற்கப்படுமா என்பதை இந்த மே மாதத்திற்குள் சிந்தித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பெண்மக்களுக்குப் பயன் தரும் கல்வியையும், அதைத் தடுக்காத பெற்றோரையும், அதற்குத் துணை நிற்கும் ஜமாஅத்துகளையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.